மாவுக்கு அடியில்

மலையடி மடத்து மருந்தகத்தில் கட்டுப் போடக் கற்றுக்கொள்ள வந்தவள் பிலோமினா. வயது ஐம்பத்திரண்டு. கற்றுக் கொடுத்த சிஸ்டர் பெனிட்டா அவளைவிடப் பதினைந்து வயது இளையவள்.

மகளை அடக்கம் செய்து ஒன்பது மாதமாகியும் பிலோமினா ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. என்ன விசுவாசம் என்று பங்குக் கோயிலில் எல்லோரும் புகழ்ந்தார்கள். அவளுக்குத்தான் சந்தேகம். ஒரு காலை, கட்டுத்துணியை வெட்டிக்கொண்டே கேட்டாள்.

"என் துக்கம் ஆறிப்போச்சா சிஸ்டர்? எதுவும் வலிக்க மாட்டேங்குது."

சிஸ்டர் வாய் திறக்குமுன் வாசலில் கூக்குரல். கிறிஸ்துமஸ் முறுக்குக்குக் காய்ந்த எண்ணெய்ச் சட்டி கவிழ்ந்துவிட்டதாம். தாய் இரண்டு பிள்ளைகளையும் தூக்கிவந்திருந்தாள். மூத்தவள் ரெஜினா விரல் கொப்புளித்துக் கையை உதறி உதறி ஊரைக் கூட்டினாள். நாலு வயதுத் தம்பி சவரியான் இடுப்பில் பேசாமல் இருந்தான். அவன் கெண்டைக்காலில் இட்லி மாவு அப்பியிருந்தது.

பிலோமினா ரெஜினாவிடம் ஓடினாள். சிஸ்டர் சவரியானிடம் போனாள்.

மாவு குளிர்ச்சி, போட்டதுமே அழுகையை நிறுத்திவிட்டான் என்றாள் தாய், நிம்மதியாக.

சிஸ்டர் தண்ணீர் ஊற்றி மாவை மெல்லக் கழுவினாள். அடியில் சிவப்பு இல்லை, கொப்புளம் இல்லை. தோல் மெழுகாக வெளுத்து விறைத்திருந்தது. ஊசிமுனையால் நடுவில் தொட்டாள்.

"தெரியுதா ராசா?"

"இல்ல."

வலியில்லையே என்று பிலோமினா சிலுவை போட்டுக்கொண்டாள். சிஸ்டரோ ஜீப் எடுக்க ஆள் அனுப்பினாள். பெரியவளுக்கு இரண்டு வாரத்தில் ஆறிவிடும், இவனைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு இப்போதே கொண்டுபோகாவிட்டால் கால் தங்காது என்றாள். தாய் நம்பவில்லை. கத்துகிறவளை விட்டுவிட்டு இவனையா என்று முறைத்தாள்.

"அவளுக்கு வெந்தது மேல்தோல்தான்மா. இவனுக்கு வலியைச் சொல்ற நரம்பே வெந்துபோச்சு."

கட்டுப் போடுமுன் ஊசியைக் காயத்தின் ஓரத்துக்கு நகர்த்தினாள். சவரியான் வீறிட்டான். அப்போதுதான் சிஸ்டர் லேசாகச் சிரித்தாள்.

ஜீப் போன பிறகு, மாவுத்தண்ணீரை வாளியில் வழித்துக்கொண்டே பிலோமினா கேட்டாள்.

"பிள்ளை அழுதான். நீங்க சிரிச்சீங்களே?"

"ஓரத்துல உயிர் இருக்கு. புதுத்தோல் அங்கேயிருந்துதான் ஏறும்." சிஸ்டர் கையைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள். "உங்க மகள் பேர் என்னம்மா? வந்த நாள்லேருந்து நீங்க சொன்னதே இல்லையே."

பிலோமினா வாளியைக் கீழே வைத்தாள். வாயைத் திறந்தாள். பேர் பாதியில் வலித்து நின்றது.