கசில்டா எழுதிய ஒரு சொல்

"எலிஜியாக் என்றால் என்ன டீச்சர்?"

கேட்டவர் தனிஸ்லாஸ். வயது அறுபத்திரண்டு. முப்பது வருடம் சரக்குக் கப்பலில் எஞ்சின் அறை வேலை. ஓய்வு பெற்றபின், தூத்துக்குடியில் மெஹருன்னிசா டீச்சரிடம் ஞாயிறுதோறும் ஆங்கிலக் கவிதை படிக்கிறார். டீச்சருக்கு அவருடைய மகள் வயதுதான் இருக்கும்.

"அகராதி பார்த்தீங்களா சார்?"

"இரங்கல் பாட்டு சம்பந்தப்பட்டதுன்னு போட்டிருக்கு. அது பொருந்தலை."

"எதுக்குப் பொருந்தலை?"

பையிலிருந்து பழைய கடிதம் ஒன்றை எடுத்தார். கப்பலில் இருந்தபோது அவர் தன் மனைவி கசில்டாவுக்கு எழுதியது. கசில்டா பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் நடத்தியவர். போன வருடம் இறந்துபோனார். கடிதத்தின் ஓரத்தில் பென்சிலால் அந்த ஒரு ஆங்கிலச் சொல்லை அவர் எழுதி வைத்திருந்தார்.

"அப்ப எல்லாரும் நல்லா இருந்தோம். ஒரு சாவும் இல்லை. ஏன் இப்படி எழுதினா?"

"வாசிங்க."

"இங்கே மழை. நீ கொடுத்துவிட்ட ஊறுகாய் நேற்றோடு தீர்ந்தது. பாட்டிலை இன்னும் கழுவவில்லை."

டீச்சர் கடிதத்தை வாங்கி ஓரத்தில் இருந்த சொல்லைப் பார்த்தார்.

"அந்தச் சொல்லை வச்சு ஒரு வாக்கியம் எழுதிட்டு வாங்க."

அடுத்த ஞாயிறு எழுதி வந்தார். சாவு வீட்டில் பாடிய பாட்டைப் பற்றிய வாக்கியம்.

"இலக்கணம் சரி. இன்னொண்ணு எழுதுங்க."

அடுத்த வாரம் கல்லறை. அதற்கடுத்த வாரம் சவப்பெட்டி.

அதற்கும் அடுத்த வாரம் வாக்கியம் எழுதாமல், பழைய கடிதத்தோடு மட்டும் வந்தார்.

"வரலை டீச்சர். அவகிட்டேருந்து எனக்கு மிஞ்சினது இந்த ஒரு சொல்லு. அதுவும் புரியலை."

"அதை விடுங்க. இந்த வாரம் வீட்ல என்ன செஞ்சீங்க?"

"என்ன செய்ய? அலமாரியை ஒழிச்சேன். அவ மூக்குக்கண்ணாடி கிடைச்சுது. போட்டுப் பார்த்தேன்."

"தெரிஞ்சுதா?"

"எங்க தெரியும்! எல்லாம் ஒரே மங்கல்."

"கழற்றிட்டீங்களா?"

"இல்லை. போட்டுக்கிட்டே சாப்பிட்டேன். மீன்ல முள்ளுகூடத் தெரியலை. தடவித் தடவி..."

தனிஸ்லாஸ் கடிதத்தை எடுத்து, கழுவாத பாட்டில் வரியில் விரல் வைத்தார்.

டீச்சர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"டீச்சர்," என்றார் அவர். "அவளைத் தேடுதுன்னு நான் சொல்லவே இல்லையே. நல்லா இருக்கேன்னுதானே ஒவ்வொரு கடிதத்துலயும் எழுதினேன்."