உறியை ஆட்டின பூவாயி

ஒரு ஊர்ல ஒரு தயிர்க்காரி இருந்தாளாம். பேரு பூவாயி. அவளுக்குன்னு இருந்தது ஒரே ஒரு எருமை, அது பேரு சடச்சி. கேக்குறியா கண்ணு? அத்தை சொல்லச் சொல்ல நீ ம் போடணும்.

"ம்."

சாயங்காலம் பூவாயி பாலைக் கறந்து, காய்ச்சி, ஆற வச்சு, ஒரு கரண்டி உறை ஊத்தி, பூனை எட்டாம சட்டிய உறியில தொங்க விட்டுருவா. விடிஞ்சதும் சட்டியத் தலையில வச்சுக்கிட்டு "தயிரோ தயிரு"ன்னு தெருத்தெருவாப் போவா. நல்லாத்தான் போய்க்கிட்டு இருந்துச்சு. அப்போ ஒரு மார்கழி வந்துச்சு பாரு, பல்லு கடகடன்னு ஆடுற குளிரு. ஒரு நாள் தயிர் சரியா உறையல. மணியக்காரர் வீட்டம்மா எட்டிப் பாத்துட்டு, "என்ன பூவாயி, தயிரா மோரா?"ன்னு கேட்டுட்டாங்க.

அவ்வளவுதான். மறுநாள்லருந்து காக்கா கத்துறதுக்கு முன்னாடியே பூவாயிக்கு முழிப்பு வந்துரும். நெஞ்சு திக்கு திக்கு, வயித்துல கரகரன்னு. பள்ளிக்கூடம் போற அன்னிக்குக் காலைல நீ வயித்தைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருப்பியே, அதே மாதிரி.

"ம்..."

மொத நாளு கண்ணு முழிச்ச உடனே ஓடிப்போய் உறிய ஆட்டிப் பாத்தா. சலக் சலக். ஐயோ, உறையலையே. ரெண்டாம் நாளு இன்னும் வெள்ளனவே ஓடுனா. மூடியத் திறந்து உள்ள விரலை விட்டுப் பாத்தா. கொழகொழ. ரெண்டு நாளும் தண்ணித் தயிருதான். மணியக்காரர் வீட்டம்மா நல்லவங்கதான், ஆனா அவங்களும் எத்தனை நாளு பொறுப்பாங்க? "நாளைக்கும் இப்படின்னா, நாங்க வேற ஆளப் பாத்துக்குறோம் பூவாயி"ன்னுட்டாங்க.

தயிர் போகலைன்னா சடச்சிக்குத் தீனி ஏது? வித்துட வேண்டியதுதான். பூவாயிக்கு அதை நெனைக்கவே முடியல. அப்புறம் அன்னிக்கு உறை ஊத்தி வச்சுட்டு, பாயைச் சுருட்டிக்கிட்டுத் தொழுவத்துக்கே போயிட்டா. சடச்சி வயித்தோரமா ஒண்டிப் படுத்தா, கதகதன்னு இருந்துச்சு.

மூணாம் நாளு. இருட்டு விலகல, திக்கு திக்குன்னு முழிப்பு வந்துருச்சு. ஓடலாம்னு எந்திரிச்சா, வெடுக்குனு இழுக்குது. என்னன்னு பாத்தா, சடச்சி அவ முந்தானை மேல படுத்திருக்கு. இழுத்துப் பாத்தா. தட்டிப் பாத்தா. "எந்திரி ஆத்தா, உனக்காகத்தான் ஓடுறேன்"னு கெஞ்சியும் பாத்தா. சடச்சியா அசையும்? சளக்கு சளக்குனு அசை போட்டுக்கிட்டே கெடக்கு.

வேற என்ன பண்றது, பூவாயி உக்காந்தா. உக்காந்தவ சடச்சி கழுத்துல கையை வச்சா. பாவம், இந்தக் குளுருலயும் பாலைக் குறைக்கலையேன்னு மனசுல பட்டுச்சு. "நல்லாயிரு ஆத்தா"ன்னா. அப்புறம் மேல பாத்தா. "கூரையே, இத்தனை பனியையும் என் தலையில எறக்காமத் தாங்குனியே, நீயும் நல்லாயிரு." அப்புறம் பூனை ஞாபகம் வந்துச்சு. "உறியே, ஒரு நாளாச்சும் சட்டியப் பூனைக்குக் குடுத்தியா? நல்லாயிரு." சொல்லச் சொல்ல, நெஞ்சு திக்கு... திக்கு...ன்னு மெதுவாச்சு. கேக்குறியா?

"ம்."

கா கா கா. விடிஞ்சிருச்சு. வெயில் சுள்ளுன்னு தொழுவத்துக்குள்ள விழுந்துச்சு. அப்போதான் சடச்சி மெல்ல எந்திரிச்சுது. பூவாயி போய் மூடியத் திறந்தா, தயிர் அப்படியே கட்டியா நிக்குது. கரண்டிய விட்டா தளக்குனு பாளம் பாளமா வருது. பூவாயிக்குச் சிரிப்பும் வருது, அழுகையும் வருது. குளுருல உறைய இன்னும் செத்த நேரம் வேணும், அவ்வளவுதான். உறைஞ்சிக்கிட்டு இருந்ததைத் தினமும் கலைச்சது இவதான்.

மணியக்காரர் வீட்டம்மா ரெண்டு கரண்டி சேத்து வாங்கிக்கிட்டாங்க. சடச்சி அந்த வீட்டுலயே இருந்து ஏழு கன்னு போட்டுச்சு.

அந்தத் திக்கு திக்கு அப்புறம் வரலையான்னு கேக்குறியா? அத்தை பொய் சொல்ல மாட்டேன், வந்துச்சு. வந்தா, பூவாயி ஓட மாட்டா. "வந்துட்டியா? செத்த உக்காரு"ன்னுட்டு, சடச்சி கழுத்துல கையை வச்சு, மூணு பேருக்கு நல்லாயிரு சொல்லிட்டுத்தான் எந்திரிப்பா.

நாளைக்குக் காலைல உனக்கும் வந்தா, நீயும் ஓடாத. இந்தா, அத்தை முந்தானை. பிடிச்சுக்க. நீ விடுற வரைக்கும் நானும் எந்திரிக்க மாட்டேன். மொத நல்லாயிரு நான் உனக்குச் சொல்லிடுறேன், மத்த ரெண்டை நீ பாத்துக்க. கண்ணு?

"..."

சரி. கதைக்கும் உறை ஊத்தியாச்சு. ஆட்டாமத் தூங்கு.