சலூன் வரை நீண்ட வரிசை

மேலக்கரைக் கல்லூரியில் செண்பகவல்லி என்றொரு மாணவி இருந்தாள். மாலையானால் கேன்டீனில் அவளும் தோழிகளும் உட்கார்ந்து, ஒருத்தி எழுதிய ஆங்கிலக் கட்டுரையை இன்னொருத்தி திருத்துவார்கள். எல்லோருக்கும் எழுத்து தேறிவந்தது.

பேராசிரியர் தாண்டவமூர்த்திக்கு அது பொறுக்கவில்லை. “இங்கே ஆங்கிலம் சொல்லித்தர நான் ஒருத்தன்தான். சந்தேகம்னா என்கிட்ட மட்டும்தான் கேட்கணும். உங்களுக்குள்ளே கேட்டால் பரீட்சை எழுத விடமாட்டேன்” என்றார்.

“எப்ப வேணாலும் கேட்கலாமா சார்?” என்று செண்பகவல்லி பணிவாகக் கேட்டாள்.

“எப்ப வேணாலும், எங்கே வேணாலும்” என்றார் அவர் பெருமையாக.

மறுநாள் அவர் சாப்பிட உட்கார்ந்தபோது வகுப்பே எதிரில் வரிசையாக நின்றது. பஸ்ஸிலும் பின்னாலேயே ஏறியது. சாயங்காலம் முகமெல்லாம் நுரையோடு அவர் சலூன் நாற்காலியில் சாய்ந்திருக்க, வரிசை வாசலைத் தாண்டித் தெருமுனை வரை போனது. சவரம் செய்தவரும் கத்தியை நிறுத்திவிட்டு, “எனக்கும் ஒரு சந்தேகம் சார்” என்றார்.

தாண்டவமூர்த்தி துண்டை உருவி எறிந்தார். “உங்களுக்குள்ளேயே கேட்டுத் தொலைங்க!”

“சரிங்க சார். கடைசியா ஒரே ஒரு சந்தேகம்” என்றாள் செண்பகவல்லி. “கேட்டால் போதுமா, தொலையவும் வேணுமா?”