மொட்டைமேட்டுக்கும் ஒரு குரல்

நாணல் குளத்துக் காட்டில் செய்தி சொல்லும் வேலை ஆள்காட்டிக் குருவிகளுடையது. சிறுத்தை இறங்கினாலும், தீப் பிடித்தாலும், பார்த்த குருவி கத்தும். அதைக் கேட்டு அடுத்த குருவி கத்தும். இப்படியே குளக்கரையிலிருந்து பொட்டல்வெளியைத் தாண்டி, காட்டின் கடைசியில் இருக்கும் மொட்டைமேடு வரைக்கும் குரல் போகும். அங்கிருந்து குளத்துக்கும் வரும்.

பொட்டலில் யாருமே குடியில்லை. மேட்டில் இருந்ததும் ஒரு முயல்தான், தன் குட்டிகளோடு. ஆனாலும் பொட்டல் நெடுக குருவிகள் உட்கார்ந்தே ஆகவேண்டும். நடுவில் ஒன்று எழுந்து போனாலும் குரல் அறுந்துவிடும். காய்ந்த பொட்டலில் அவற்றுக்குப் புழு பூச்சி ஏது? அதனால் குளத்து விலங்குகள் எல்லாம் பங்கு கொடுத்தன. கரடி புற்றை உடைத்தால் கொஞ்சம் கரையானை ஒதுக்கி வைக்கும். பன்றி மண்ணைக் கிளறினால் கொஞ்சம் புழுவை விட்டு வைக்கும். முயல் மேயும்போது புல்லிலிருந்து துள்ளுகிற வெட்டுக்கிளிதான் முயலின் பங்கு. அதனால் முடிந்தது அவ்வளவுதான்.

ஒரு நாள் கரிச்சான் குருவி வந்தது. நல்ல தொண்டை, நல்ல வாய்ச்சாலகம். குளத்தைச் சுற்றி மட்டும் தான் காவல் பார்ப்பதாகவும், பாதிப் பங்கு கொடுத்தால் போதும் என்றும் சொன்னது.

பன்றிக்கு வாயெல்லாம் பல். ஒரே ஒரு முயலுக்காக இத்தனை நாள் எவ்வளவு புழுவை வீணடித்தோம் என்று கணக்குப் பேச ஆரம்பித்துவிட்டது. கரடியும் மான்களும் அதன் பக்கம் சாய்ந்தன. காட்டின் நியாயம் பேசும் யானை காதை ஆட்டிக்கொண்டே, அவரவருக்குப் பிடித்ததைச் செய்யட்டும் என்று சொல்லிவிட்டது. யானையைச் சிறுத்தை ஒன்றும் செய்துவிடாது, பிறகென்ன!

பங்கு நின்றது. பொட்டலில் இருந்த குருவிகள் பசி தாங்காமல் ஒவ்வொன்றாக இறங்கி வந்தன. கடைசிக் குருவி முயலிடம் சொல்லிக்கொள்ளப் போனது.

"இருக்கத்தான் ஆசை, அக்கா. வயிறு கேக்க மாட்டேங்குது."

முயல் குட்டிகளைப் பார்த்தது. இனி எது வந்தாலும் குட்டிகளுக்கு யார் சொல்வார்கள்? நேராகக் குளத்துக்குப் போய் யானையிடம் முறையிட்டது. அவ்வளவு தூரத்தில் எதற்கு இருக்கிறாய், இங்கேயே வந்துவிடேன் என்றது யானை. குளக்கரை முழுக்க நரி வளை, குட்டிகளை எங்கே வைப்பது என்று கேட்டது முயல். யானை காதை ஆட்டிக்கொண்டே நகர்ந்துவிட்டது. ஆனாலும் முயல் விடவில்லை. மறுபடி மறுபடி வந்து கேட்டது. அது தலைகாட்டினாலே பன்றி சிரிக்கும். சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும் என்று முயல் கேட்டுக்கொண்டே இருந்தது.

கோடை முற்றியது. மேட்டுக்குப் பின்னால் மூங்கில் காட்டில் தீப் பிடித்தது. முயல் குட்டிகளை மொட்டைப் பாறையின் இடுக்குக்குள் தள்ளியது. பாறையில் எரிய ஒன்றும் இல்லை. தானும் உள்ளே போய்ப் படுத்திருக்கலாம். ஆனால் காற்று குளத்தைப் பார்த்து அடித்தது. முயல் தொண்டை கிழியக் கத்திப் பார்த்தது. கேட்கத்தான் பொட்டலில் யாரும் இல்லையே!

அது ஓடியது. குளத்து விலங்குகளைத் திட்டிக்கொண்டே ஓடியது. அத்தனை கோபம் இருந்தும் ஓடியதே, அதுதான் பெரிய விஷயம்.

முயல் வந்து விழுந்தபோது யானையின் குட்டி காய்ந்த நாணலுக்குள் தூங்கிக்கொண்டிருந்தது. தாய் அதைத் தும்பிக்கையால் தண்ணீருக்குள் இழுத்த கொஞ்ச நேரத்தில் நாணல் முழுக்கப் பற்றிக்கொண்டது. எல்லா விலங்குகளும் கழுத்தளவுத் தண்ணீரில் நின்று உயிர் பிழைத்தன.

தீ அடங்கியதும் யானை கரிச்சானைக் கூப்பிட்டது. "உயர மரத்துலதானே இருந்தே? புகை தெரியலையா?"

"தெரிஞ்சுது. ஆனா அது மேட்டுப் பக்கம். மேடு என் பொறுப்பு இல்லையே!"

பன்றி தலையைக் குனிந்துகொண்டது. கரடி எங்கிருந்தோ நல்ல கிழங்காகக் கொண்டுவந்து முயலின் முன்னால் வைத்தது. முயல் அதைத் தொடவில்லை.

"எனக்குக் கிழங்கு வேண்டாம், குரல் வேணும். பொட்டல் இன்னும் புகையுது. என் குட்டிங்க இருக்கா இல்லையான்னுகூட எனக்குத் தெரியாது. தினமும் என்னால இப்படி ஓடிவர முடியாது."

யானை அங்கேயே தீர்ப்புச் சொன்னது. குளத்தில் யார் காவல் பார்த்துப் பங்கு வாங்கினாலும், அதில் ஒரு பாகம் பொட்டல் குருவிகளுக்குப் போகவேண்டும். இவ்வளவு நாள் குளறுபடி செய்தது தானும்தான் என்று எல்லோர் முன்னாலும் ஒப்புக்கொண்டது. கரிச்சான் சிலிர்த்துக்கொண்டு, நான் மட்டும் ஏன் கொடுக்கவேண்டும் என்று கேட்டது. நீ மட்டும் இல்லை, நாளைக்கு எந்தப் பறவை வந்தாலும் இதே முறைதான் என்றது யானை. எல்லோருக்கும் ஒன்றுதான் என்றால் சரி என்று கரிச்சான் அடங்கியது. கொடுப்பதில் ஏமாற்றாதபடி தானே கண் வைத்திருப்பதாகப் பன்றி முன்வந்தது.

சாம்பல் ஆறியதும் முயல் புறப்பட்டது. அதன் பின்னாலேயே ஆள்காட்டிக் குருவிகள் வந்தன. பொட்டல் நெடுக ஒவ்வொரு இடத்திலும் ஒன்று தங்கியது. மேட்டுக்கு வந்தபோது முயலும் கடைசிக் குருவியும்தான் மிச்சம்.

பாறை கறுத்துக் கிடந்தது. முயல் இடுக்கில் முகத்தை வைத்துக் கூப்பிட்டது. சத்தமே இல்லை. மறுபடியும் கூப்பிட்டது. உள்ளேயிருந்து இருமல் கேட்டது. குட்டிகள் முகமெல்லாம் கரியோடு ஒன்றன்பின் ஒன்றாக வெளியே வந்தன. முயல் அழுதுகொண்டே அவற்றை நக்கியது.

அப்போது பொட்டலிலிருந்து ஒரு குரல் வந்தது. கடைசிக் குருவி அதைக் கேட்டு முயலிடம் சொன்னது.

"யானை கேக்குது, அக்கா. குட்டிங்க பிழைச்சுதா? குளமே காத்துக்கிட்டு இருக்காம்."

முயல் தலையை ஆட்டியது. குருவி பொட்டலைப் பார்த்துத் திரும்பி, பிழைத்துவிட்டன என்று தன்னால் முடிந்த மட்டும் கத்தியது.

கடைசி வீட்டுக்கும் குரல் போய்ச் சேர எல்லோரும் பங்கு போட்டால்தான் நடு வீடும் பத்திரமாக இருக்கும்.