அண்டாவில் வந்த பதில்

அரசருக்கு வயிறு பொருமினால் நாட்டு மக்கள் ஏப்பம் விடவும் யோசித்த முன்னொரு காலத்தில், ஒரு கடல்நாடும் ஒரு மலைநாடும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. இரண்டும் பெரிய நாடுகள். இங்கே கடல்நாட்டில் மிளகு விளைந்தது, துணி நெய்தார்கள். அங்கே குதிரையும் பெருங்காயமும். நடுவில் ஒரு கணவாய். அதன் வழியே பொதிமாடுகள் போவதும் வருவதுமாக ஏழு வருஷம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

எட்டாவது வருஷம் வினை வந்தது. கடல்நாட்டு மன்னர் நட்பின் அடையாளமாக ஒரு பெரிய பித்தளை அண்டா நிறைய மிளகு அனுப்பினார். அண்டா திரும்பி வந்தது, பளபளவென்று தேய்த்துக் கழுவி, வெறுமையாக.

நம் ஊரில் பக்கத்து வீட்டுக்காரி ஒரு கிண்ணத்தில் குழம்பு கொடுத்தால்கூட, கிண்ணத்தைத் திருப்பும்போது ஒரு பிடி அரிசியோ ஒரு துண்டு வெல்லமோ போட்டுத்தானே கொடுப்போம்? மன்னருக்கு முகம் சிவந்துவிட்டது. அதே சமயத்தில் மலைநாட்டார் ஒரு பெட்டி பெருங்காயம் அனுப்பியிருந்தார்கள். நம்மவர்கள் பெட்டி நிறைய அவல் போட்டுத் திருப்பினார்கள். அங்கே அவர்களுக்கு முகம் சிவந்தது. கணவாயை இரண்டு பக்கமும் அடைத்தார்கள்.

மூன்று மாதம் ஆயிற்று. அரண்மனை ரசத்தில் பெருங்காயம் இல்லை. பருப்பு உண்ட மன்னர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அரியணையில் நெளிந்தார். கணவாயின் இந்தப் பக்கம் மிளகு மூட்டைகள் மழையில் நனைந்தன, குடியானவர்கள் அழுதார்கள். அது தனிக் கதை, அரண்மனைக்கு அது கேட்கவில்லை. வயிறு பொருமியது மட்டும் கேட்டது.

கடைசியில் இரண்டு நாட்டுக்கும் போய்ப் பழகிய ஒரு குதிரை வியாபாரி வந்து விஷயத்தைச் சொன்னான். மலைநாட்டில் விருந்தாளியின் பாத்திரத்தை ஒட்ட வழித்துக் கழுவி, கவிழ்த்துக் காட்டித் திருப்புவதுதான் மரியாதையாம். எல்லாவற்றையும் ஆசையாக உண்டுவிட்டோம் என்று அர்த்தம். அதில் எதையாவது போட்டுக் கொடுத்தால், உன் சரக்கு எனக்கு வேண்டாம் என்று முகத்தில் அடிப்பது போலாம்.

மன்னருக்குப் புரிந்தது. ஆனால் புரிந்தது வேறு, கௌரவம் வேறு. வெறும் அண்டா தன் கோட்டை வாசலுக்குள் நுழையக் கூடாது என்றார்.

சபையில் விகடர் பூவராகன் இருந்தார். மன்னரைச் சிரிக்க வைப்பது அவர் வேலை. அதற்காக மன்னர் பக்கத்திலேயே இலை போட்டு உண்பார். அந்த இலையைப் பார்த்துப் பார்த்தே பிரதானி வீழிநாதருக்குச் சோறு இறங்குவதில்லை. அந்தப் பிரதானி எழுந்து கைகட்டி நின்றார்.

“அரசே, மிளகு அண்டாவோடு விகடரைத் தூது அனுப்பலாம். அண்டா வெறுமையாகத் திரும்பக் கூடாது. மலைநாட்டார் அதில் ஒரு பிடி மண்ணும் போடக் கூடாது, அது அவர்களுக்கு இழிவு. வழியில் வாங்கியோ வீட்டிலிருந்து கொண்டுபோயோ எந்தப் பண்டமும் அதில் இருக்கக் கூடாது, அது ஏமாற்று. இவ்வளவு அறிவாளிக்கு இது எம்மாத்திரம்?”

தோற்றால் என்ன என்று மன்னர் கேட்டார். தோற்றால் விகடர் இந்த நாட்டில் கால் வைக்க வேண்டியதில்லை என்றார் பிரதானி. மன்னரின் வயிறு அப்போது ஒரு தடவை உறுமியது. அதையே ஆமோதிப்பாக எடுத்துக்கொண்டு சபை கலைந்தது.

பூவராகன் பயந்துதான் போனார். வாயில் விகடம் இருந்தாலும் மனதில் பயம் இருக்கும் அல்லவா? வீட்டுக்கு வந்து மனைவி செங்கமலத்திடம் சொன்னார். அவள் வழிக்குப் புளியோதரை கிளறத் தொடங்கினாள்.

“திரும்பி வந்திடுவீங்களா?”

“வழி தெரியல. ஆனா வந்திடுவேன்.”

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, புளியோதரையில் இன்னும் ஒரு கரண்டி நல்லெண்ணெய் விட்டாள்.

இருபத்தோரு நாள் கழித்து ஒரு மாட்டுவண்டி கோட்டை வாசலில் வந்து நின்றது. வண்டியில் அண்டா. அதன்மேல் போர்வை. பின்னால் குதிரையில் ஒரு மலைநாட்டுத் தூதர். பூவராகனை மட்டும் காணோம்.

பிரதானி ஓடி வந்த வேகத்தில் தலைப்பாகை நழுவியது. விகடர் ஓடிவிட்டார் அரசே, அண்டாவை அனுப்பிவிட்டு ஆள் தப்பிவிட்டார் என்று உள்ளே சபை வரைக்கும் கேட்கச் சொல்லிக்கொண்டே போர்வையை இழுத்தார். உள்ளே முழங்காலை மோவாயில் முட்டுக்கொடுத்து, பூவராகன் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

அண்டாவோடு அவரைச் சபைக்குள் கொண்டுபோய் இறக்கினார்கள். அவர் எழுந்து நின்று, அண்டாவுக்குள்ளிருந்தே கும்பிட்டார்.

“இன்னும் கால் வைக்கவில்லை அரசே. முதலில் தீர்ப்பு ஆகட்டும்.”

மலைநாட்டுத் தூதர் சாட்சி சொன்னார். எங்கள் அரசர் அண்டாவைக் கழுவி, கவிழ்த்துக் காட்டி, வெறுமையாகவே இவர் கையில் கொடுத்தார், எங்கள் மரபு குறையவில்லை, பிறகு இவராக ஏறி உட்கார்ந்தார் என்றார்.

பிரதானி விடவில்லை. பண்டம் எதுவும் இருக்கக் கூடாது என்பது நிபந்தனை என்றார்.

“நான் பண்டமா, பிரதானியாரே?”

“இல்லை. நீர் மனிதர். ஆகவே பண்டம் ஏதும் இல்லாத அண்டா வெறும் அண்டாதான்.”

“வெறும் அண்டாவா? அப்படியென்றால் இவ்வளவு நேரம் யாரோடு வாதாடிக்கொண்டிருக்கிறீர்?”

மன்னர் சிரித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்த சிரிப்பில் மூன்று மாதத்துக்கு மேலாக அடைபட்டிருந்த ஏப்பம் ஒன்று வெளியே வந்தது. சபை மரியாதையாகக் கூரையைப் பார்த்தது. மன்னருக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது, அவ்வளவு நிம்மதி.

கணவாய் அன்றே திறந்தது. தூதர் தன் குதிரைச் சேணத்தில் கட்டி வந்திருந்த பெருங்காயம் நேரே மடைப்பள்ளிக்குப் போனது. இனி வருஷந்தோறும் அண்டாவில் மிளகு போகும், அண்டாவில் ஆள் வருவார் என்று இரண்டு நாடும் ஒப்புக்கொண்டன. பெட்டியும் அப்படியே, அவலுக்குப் பதிலாக நம்மவர் ஒருவர் அதோடு போவார். அடுத்த வருஷம் அங்கிருந்து ஒரு குதிரை வைத்தியர் வந்தார். அதற்கடுத்த வருஷம் ஒரு பாட்டுக்காரி. இங்கிருந்து போன நெசவாளி அங்கேயே பெண் கட்டிக்கொண்டான்.

மன்னர் அந்த அண்டாவைப் பூவராகனுக்கே பரிசாகக் கொடுத்தார். மலைநாட்டுக்குப் புது அண்டா செய்துகொள்ளலாம் என்றார். பூவராகன் தலையைச் சொறிந்தார்.

“பரிசு அண்டா வெறுமையாகவா வீட்டுக்குப் போவது, அரசே?”

மன்னர் சபையைச் சுற்றிப் பார்த்தார். பார்வை பிரதானியிடம் வந்து நின்றது.

அப்படியாக வீழிநாதர், தலைப்பாகையும் மீசையும் மட்டும் வெளியே தெரிய, மாட்டுவண்டியில் நான்கு வீதி சுற்றி விகடர் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். செங்கமலம் முதலில் புருஷனைப் பார்த்தாள். ஆள் முழுசாக வந்திருந்ததில் அவளுக்கு மூச்சு வந்தது. அப்புறம் அண்டாவுக்குள் எட்டிப் பார்த்தாள். இலை போட்டாள்.

பிரதானி தலை குனிந்தபடியே உட்கார்ந்தார். மூன்று மாதத்துக்கு மேல் கழித்து, மடைப்பள்ளியிலிருந்து வந்த பெருங்காயம் போட்ட ரசம். முதல் வாய்க்கு அவமானம் கொஞ்சம் குறைந்தது. மூன்றாவது கரண்டிக்கு மறந்தே போயிற்று. போதும் அம்மா, நான் கிளம்புகிறேன் என்றார்.

செங்கமலம் இன்னொரு கரண்டி ஊற்றினாள்.

“இன்னும் கொஞ்சம் ஊத்திக்கிடுங்க. வீட்டுக்கு வந்ததை வெறுமையா திருப்பி அனுப்பி எங்களுக்குப் பழக்கமில்ல.”

மறுநாள் இதைக் கேட்டு மன்னர் இரண்டாவது தடவை சிரித்தார். அவளுக்கும் ஒரு பட்டுப்புடவை வந்தது, பெருங்காயப் பெட்டியில் வைத்து. பெட்டியைத் திருப்பும்போது அவள் என்ன போட்டு அனுப்பினாள் என்று நான் கேட்கவில்லை. ஆனால் அன்றும் பிரதானி அந்தப் பக்கமாகத்தான் போய்க்கொண்டிருந்தாராம், பெட்டியோடு போக ஓர் ஆள் கிடைத்தாராம்.