மூன்றே முக்கால் மணி நேரத் தூரம்

விமான நிலையத்துச் சுவருக்குப் பின்னால் ஒரு குளம். அதில் செங்காலி என்ற வரித்தலை வாத்து தனியாக நீந்திக்கொண்டிருந்தது. இறக்கையில் அடிபட்டுப் படுத்திருந்தபோது அதன் கூட்டம் வடக்கே பனி ஏரிக்குப் போய்விட்டது. இறக்கை இப்போது ஆறிவிட்டது. ஆனால் முட்டையிடும் காலம் நெருங்கிவிட்டது. பனி ஏரிக்குப் போய்ச் சேராவிட்டால் இந்த வெயிலில் ஒரு முட்டைகூடத் தேறாது.

வாத்துகளுக்குத் தூரம் என்றால் ஏரிக் கணக்குதான். பதினான்கு ஏரிகளில் இறங்கி ஏறினால் பனி ஏரி வந்துவிடும். தனியாகப் போகப் பயந்த செங்காலி, குறுக்கு வழி உண்டா என்று விசாரித்தது. எல்லாரும் மூக்கையனிடம் அனுப்பினார்கள்.

மூக்கையன் விமான நிலையக் கூரையில் குடியிருக்கும் காகம். குளத்தைத் தாண்டி எங்கும் போனதில்லை. ஆனால் ஊர் உலகத்துத் தூரமெல்லாம் அத்துப்படி என்று சொல்லிக்கொள்ளும். கேட்பவர் ஒரு மீன் கொண்டுவர வேண்டும், அதுதான் மரியாதை. புல் தின்னும் செங்காலி, பாவம், ஒரு கொக்கிடம் கெஞ்சி மீன் வாங்கி, மூக்கையன் குளக்கரைக்கு வந்தபோது கொடுத்தது.

மூக்கையன் மீனை விழுங்கிவிட்டுக் கழுத்தைச் சாய்த்தது.

"பனி ஏரியா? மூணே முக்கால் மணி நேரம்க்கா. நேரா வடக்க ஒரே கோடு. காலையில இட்லி தின்னுட்டு விமானம் ஏறுறவங்க, மத்தியானச் சோத்துக்கு அங்க இருக்காங்க. நீங்க எதுக்கு ஏரி ஏரியா சுத்துறீங்க?"

"நடுவுல தண்ணி எங்க தம்பி?"

"விமானம் இறங்கித் தண்ணி குடிச்சு நீங்க பாத்திருக்கீங்களா?"

குளமே சிரித்தது. செங்காலிக்கு வெட்கமாகிவிட்டது. ஆனால் அதற்கும் குறும்பு தெரியும். அப்படியானால் வழிகாட்ட நீயே வா, பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடலாமே என்று எல்லார் முன்னாலும் கேட்டது. நாரை முதல் தவளை வரை ஆமாம் போட்டன. மூக்கையனால் மறுக்க முடியவில்லை, கௌரவப் பிரச்சினை.

விடிந்ததும் இரண்டும் கிளம்பின. மூக்கையன் முன்னால் பறந்தபடி ஓயாமல் பேசியது. ஒரு மணி நேரத்தில் பேச்சு நின்றது. கீழே மொட்டைப் பாறையும் முள்ளும்தான். தலைக்கு மேலே ஒரு விமானம் விர்ரென்று போனது. அது கண்ணுக்கு மறைவதற்குள் மூக்கையன் நாக்கு வறண்டு ஒரு பாறையில் தொப்பென்று விழுந்தது.

"இன்னும் எவ்வளவு தூரம் தம்பி?" என்று செங்காலி ஒன்றும் தெரியாதது போலக் கேட்டது.

"தெரியாதுக்கா. நான் அங்க போனதே இல்ல. ஒரு வாய் தண்ணி கிடைச்சாப் போதும்."

செங்காலி கிழக்கே திரும்பி, தன் கூட்டம் வழக்கமாக இறங்கும் ஏரிக்கு அதை மெல்ல அழைத்துப்போனது.

"குடி. இது முதல் ஏரி. இன்னும் பதிமூணு இருக்கு, வர்றியா?"

மூக்கையன் தண்ணீரிலிருந்து அலகை எடுக்காமலே தலையை ஆட்டி மறுத்தது. செங்காலிக்குச் சிரிப்பு வந்தது. கூட்டத்தின் துணையே இல்லாமல் முதல் ஏரியைத் தானே கண்டுபிடித்துவிட்டோம் என்பது அப்போதுதான் உறைத்தது. பயம் போன இடம் தெரியவில்லை.

மூக்கையன் தத்தித் தத்திக் குளத்துக்குத் திரும்ப மூன்று நாள் ஆயிற்று. அதன்பின் யார் தூரம் கேட்டாலும், போய் வந்தவர்களைக் கேளுங்கள் என்று சொல்லிவிட்டது. செங்காலி பதினேழாம் நாள் பனி ஏரியில் இறங்கி, ஐந்து முட்டைகள் இட்டது. ஐந்தும் பொரிந்தன.

பிறர் பறப்பதை வேடிக்கை பார்த்தவரிடம் வழி கேட்காமல், தன் இறக்கையால் பறந்து போனவரிடமே கேட்க வேண்டும்.