நாரில் நிற்காத உப்பு

குருவுக்கு வயது முப்பத்து நாலு. சிஷ்யனுக்கு ஐம்பத்தெட்டு. மாற்றிச் சொல்லவில்லை, அப்படித்தான்.

சிஷ்யன் திருமூர்த்தி, சாயப்பட்டறை மாஸ்டர். முப்பத்தைந்து வருஷம் துணிக்கு நிறம் ஏற்றியவர். குரு கோகிலவாணி, கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுத்தவள். அந்த வேலையை விட்டுவிட்டு, வாசலில் நாலு டிரம் வைத்துக்கொண்டு சாயத்தண்ணீரைச் சுத்தம் பண்ணப் பார்த்தாள். ஊர் சிரித்தது. சிரிக்க வந்தவர்களுக்கு அவள் டீ போட்டுக் கொடுத்தாள்.

பட்டறை மூடி மூன்று மாதம் ஆகியிருந்தது. முதலாளி சிவப்புத் தண்ணீரைப் பள்ளத்தில் விட்டார். பள்ளம் என்றால் எங்கள் பக்கத்தில் ஓடை. ஊரே திரண்டு வந்து சண்டை போட்டது. தண்ணீர் சுத்தமானால்தான் திறக்கலாம் என்று அதிகாரி சொல்லிவிட்டார். இருபத்துமூன்று பேருக்கு வேலை இல்லை. அதில் திருமூர்த்தி ஒருவர், அவர் மருமகன் ஒருவன். கூச்சத்தை விட்டுவிட்டு அவள் வாசலுக்கு வந்தார்.

முதல் நாள் அவள் ஒரு வாளி சாயத்தண்ணீரில் வெறும் தேங்காய் நாரைப் போட்டாள். மத்தியானம் வரை பார்த்தார்கள். தண்ணீர் சிவப்பாகவே இருந்தது.

"பிடிக்கலீங்களே டீச்சர்."

"எப்படிப் பிடிக்கும் மாஸ்டர்? நாரும் இந்தச் சாயமும் ஒரே குணம். ஒண்ணை ஒண்ணு தள்ளும்."

"அப்ப என்ன பண்றது?"

"நாரோட குணத்தை மாத்தணும்."

நாரைச் சோடாக்காரத்தில் வேகவைத்தாள். குணத்தை மாற்றும் ரசாயன மருந்தில் ஊறப்போட்டாள். அலசி வெயிலில் காயவைத்தாள். அடுத்த வாரம் அந்த நாரை வாளியில் போட்டபோது, ஒரு மணி நேரத்தில் தண்ணீர் வெளுத்தது, நார் சிவந்தது. திருமூர்த்தி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வேர்வை என்றார். நம்புகிறவர்கள் நம்பலாம்.

அப்புறம் இரண்டு மாதம் ராப்பகல் பார்க்காமல் பட்டறையில் ஆறு டிரம் நிறுத்தினார். எல்லாவற்றிலும் அந்த நாரை அடைத்தார். தேங்கிக் கிடந்த சாயத்தண்ணீர் முதல் டிரம்மில் சிவப்பாகப் போய், ஆறாவதில் வெளுத்து வந்து, கடைசித் தொட்டியில் விழுந்தது. அந்தத் தொட்டியிலிருந்து பள்ளத்துக்கு ஒரு குழாய்.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு அதிகாரி வருவதாக இருந்தது. ஒன்பது மணிக்கே கோகிலவாணி வந்தாள். முதலாளி பொன்னுச்சாமி நாற்காலி போட்டார். வேலைக்காரர்கள் குளித்து, துவைத்த சட்டை போட்டு கேட்டருகே நின்றார்கள்.

திருமூர்த்தி கடைசித் தொட்டியில் ஒரு டம்ளர் மொண்டு நீட்டினார்.

"கண்ணாடியாட்டம் இருக்குது, பாருங்க டீச்சர்."

"நாக்குல வைங்க."

வைத்தார். முகம் சுளித்தது. உப்பு.

அவருக்குத் தெரியாத உப்பா? பஞ்சுத்துணி சாயத்தை வாங்கவேண்டும் என்று மூட்டை மூட்டையாகக் கொட்டியதே அவர் கைதான். நார் சாயத்தைப் பிடித்துக்கொண்டது. உப்பு அதுபாட்டுக்கு வந்துவிட்டது.

"பள்ளத்துக்கு விடாதீங்க" என்றாள் முதலாளியிடம். "உப்புத் தண்ணிதானே அடுத்த சாயத்துக்கும் வேணும்? குழாயைத் திருப்பி உங்க சாயத்தொட்டிக்கே விடுங்க."

"துணியில ஷேடு மாறிப்போச்சுன்னா யாருங்க அம்மிணி பதில் சொல்றது?" என்றார் பொன்னுச்சாமி. "ஊருக்காரங்க சண்டைக்கு வந்ததும் அதிகாரி மூடச் சொன்னதும் நெறத்தைப் பாத்துத்தான். நெறம் போயிருச்சு. இனி எவன் வரப்போறான்?"

திருமூர்த்தி தொண்டையைச் செருமினார்.

"டீச்சர், ஒண்ணு கேக்கறேன். முழுசா இல்லீன்னாலும் பாதி நல்லது பண்ணியிருக்கோமுல்ல? பாதி நல்லதும் நல்லதுதானுங்களே?"

அவள் எழுந்தாள்.

"செவப்புச் சாய டப்பா எங்கீங்க?"

எதற்கென்று கேட்காமல் எடுத்துக் கொடுத்தார். அதுதான் அவர் செய்த தப்பு என்று மருமகன் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

அவள் டப்பாவைத் திறந்து அப்படியே கடைசித் தொட்டியில் கவிழ்த்தாள். பக்கத்தில் கிடந்த மூங்கில் கழியால் ஒரு சுற்றுச் சுற்றினாள். தொட்டி முழுக்கச் சிவந்தது.

பொன்னுச்சாமி தலையில் கை வைத்துக்கொண்டார். கேட்டருகே யாரோ ஒருவன் கெட்ட வார்த்தை சொன்னான். ஆனால் வெடித்தது திருமூர்த்திதான்.

"என்ன காரியம் பண்ணுனீங்க? ரெண்டு மாசமுங்க. இருபத்துமூணு குடும்பமுங்க. அந்தப் பசங்க மூஞ்சியப் பாருங்க. சொல்லிக்குடுத்த நீங்களே இப்படிப் பண்ணலாமா?"

கேட்டருகே நின்றவர்களைக் கை நீட்டிக் காட்டினார்.

அவள் கழியைச் சுவரில் சாய்த்து வைத்தாள்.

"மாஸ்டர், பள்ளம் செவப்பா ஓடுனப்ப ஆடு குடிச்சுதுங்களா?"

"ஆடு எப்படிக் குடிக்கும்? கிட்டவே வராது."

"குழந்தைங்க எறங்குச்சா?"

"எவ எறங்க விடுவா?"

"கிணத்துக்காரங்க?"

"மோட்டாரை நிறுத்திட்டாங்க."

"இன்னைக்குப் பதினோரு மணிக்கு மேல தெளிஞ்ச தண்ணி ஓடுனா?"

திருமூர்த்தி கையிலிருந்த டம்ளரைப் பார்த்தார். அதில் இன்னும் கொஞ்சம் தெளிந்த தண்ணீர் இருந்தது.

"மூர்த்தி, நின்னுட்டே இருந்தா?" என்றார் பொன்னுச்சாமி. "மறுபடி டிரம்முல விடுய்யா. ஒரு மணி நேரத்துல வெளுத்துரும். உன்னைத் தவிர எவனுக்குத் தெரியும் அது?"

உண்மைதான். டிரம்மை ஓட்ட அங்கே வேறு யாருக்கும் தெரியாது.

"விடறேனுங்க" என்றார் திருமூர்த்தி. "மொதல்ல அந்தக் குழாயை நம்ம சாயத்தொட்டிக்குத் திருப்பிக்கறேன்."

"திருப்பலீன்னா?"

"திருப்பலீன்னா தண்ணி செவப்பாவே இருக்கட்டுங்க. ஆடாவது தெரிஞ்சு ஒதுங்கிப் போகும்."

"ஷேடு மாறுனா?"

"மாறாம பாத்துக்கறதுக்குத்தானுங்க முப்பத்தஞ்சு வருஷம் நிக்கறேன். அப்படியும் மாறுச்சுன்னா என்னை வீட்டுக்கு அனுப்புங்க."

பொன்னுச்சாமி கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்பதே முக்கால். கேட்டைப் பார்த்தார். கெட்ட வார்த்தை சொன்னவன் உட்பட அத்தனை பேரும் திருமூர்த்தியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் கோகிலவாணியிடம் திரும்பினார்.

"அம்மிணி, உங்க சிஷ்யன்தானே. நீங்களாச்சும் எடுத்துச் சொல்லுங்க."

"என்னத்தைங்க சொல்றது?" என்றாள் கோகிலவாணி. "குழாயைக் கழட்ட ரெஞ்ச் வேணும் அவருக்கு. உங்க கால்கிட்டதான் கிடக்குது. எடுத்துக் குடுங்க."